வழக்குரைஞர் அல்லாத ஒருவர் நீதிமன்றத்தை ஏன் ஆராய வேண்டும்?

சட்டப் படிப்பை முடித்துவிட்டீர்கள். வழக்காடுவதில் மனம் செல்லவில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் சட்டத்தையும் அரசியலையும் சேர்த்து ஆராயும் அரசியல் அறிவியல் பேராசிரியராக வேண்டும் என்கிறீர்கள். அதற்கு எந்தப் பட்டம் வேண்டும், இன்னொரு சட்டப் பட்டம் தேவையா, முடிவில் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியின் நடுவே ஒரு வரியை எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள்: “சட்டக் கல்லூரிப் பேராசிரியர்கள் சொல்லாத எதை இவர்கள் சொல்லிவிடப் போகிறார்கள் என்று என் மூத்த வழக்குரைஞர் கேட்கிறார்.” உங்களை உறுத்துவது அதுதான் என்று தோன்றுகிறது. அதற்கு விடை தெரியாமல் முனைவர் பட்டத்தில் சேர்ந்தவர்கள் மூன்றாம் ஆண்டில் திணறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே அதிலிருந்து தொடங்குகிறேன். நான் பல ஆண்டுகளாக அமெரிக்காவில் இந்தப் பாடத்தைக் கற்பித்துவருபவன். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் குழுக்களிலும் பணி நிரந்தரக் குழுக்களிலும் இருந்திருக்கிறேன். நான் சொல்வது அந்த அளவுக்குத்தான் செல்லுபடியாகும். ஐரோப்பாவிலோ ஆசியாவிலோ வேலை தேடுபவருக்கு என் அனுபவம் பெரிதாக உதவாது.

ஒரு தீர்ப்பு கையில் கிடைத்ததும் சட்டம் படித்தவர், அது சரியா, முன்தீர்ப்புகளோடு பொருந்துகிறதா, அடுத்த வழக்கில் அதை எப்படிப் பயன்படுத்தலாம் என்று பார்ப்பார். அரசியல் அறிவியல் படித்தவரின் கேள்விகள் அந்தத் தீர்ப்புக்கு முன்னும் பின்னும் நீளும். அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான மனுக்கள் வருகின்றன. அண்மை ஆண்டுகளில் முழு விசாரணைக்கு எடுக்கப்படுபவை சுமார் 60. இந்த வழக்கு ஏன் அந்த 60-க்குள் வந்தது? இதைக் கீழ் நீதிமன்றத்திலிருந்து இவ்வளவு தூரம் கொண்டுவரும் பணமும் பொறுமையும் யாருக்கு இருந்தன? ஒரே அரசமைப்புச் சட்டத்தை, ஒரே வாதங்களைக் கேட்ட ஒன்பது பேர் எப்படி ஐந்துக்கு நான்கு என்று பிரிந்தார்கள்? தீர்ப்பு வந்த பிறகு அதற்கு யார் கீழ்ப்படிந்தார்கள், யார் காலம் கடத்தினார்கள்? நீதிமன்றத்தை அரசாங்கத்தின் ஓர் உறுப்பாக வைத்து, நாடாளுமன்றத்தையும் அமைச்சரவையையும் கேட்கும் கேள்விகளை அதனிடமும் கேட்பது எங்கள் தொழில்.

இந்தப் பார்வை தொடக்கத்திலிருந்தே இருந்ததில்லை. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் அமெரிக்க அரசியல் அறிவியல் துறைகளில் சட்டம் கற்பித்தவர்கள் பெரும்பாலும் அரசமைப்புச் சட்டத்துக்கு விளக்கம் எழுதுபவர்களாகவே இருந்தார்கள். பிரின்ஸ்டனில் இருந்த எட்வர்டு கார்வின் அந்த மரபின் உச்சம். அவரை இன்று படித்தாலும் அறிவு கூர்மையாகும். பாதை திரும்பியது சி. ஹெர்மன் பிரிட்செட்டால். அவருடைய முதல் நூல் நீதிமன்றம் பற்றியதே அல்ல. அணைகளையும் மின்சாரத்தையும் கவனிக்கும் அமெரிக்க அரசு நிறுவனமான டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தின் நிர்வாகம் பற்றியது. அப்படி வெளியிலிருந்து வந்தவர் என்பதால்தான் அவருக்கு அந்த விசித்திரம் கண்ணில் பட்டது என்று நான் நினைக்கிறேன். 1940-களின் தொடக்கத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதிகளில் மிகப் பெரும்பாலோர் ஒரே குடியரசுத் தலைவரால், பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டால், நியமிக்கப்பட்டவர்கள். ஒரே முகாமைச் சேர்ந்தவர்கள் என்று உலகம் நினைத்த அவர்கள் அதற்கு முன் காணாத அளவுக்கு மாறுபட்ட தீர்ப்புகளை எழுதிக்கொண்டிருந்தார்கள். எந்த நீதிபதி எந்த நீதிபதியோடு எத்தனை முறை சேர்ந்து வாக்களித்தார் என்று பிரிட்செட் எண்ணினார், அட்டவணை போட்டார். 1941-இல் ஒரு கட்டுரையாகவும் 1948-இல் முழு நூலாகவும் அது வெளிவந்தது. சட்டம் மட்டுமே தீர்ப்பைத் தீர்மானிக்குமானால் அந்த அட்டவணையில் ஒழுங்கு தெரியக் கூடாது. ஆனால் ஒழுங்கு தெரிந்தது. நீதிபதிகள் அரசியலில் இடதுசாரியிலிருந்து வலதுசாரி வரை வரிசையில் நின்றார்கள். அன்று அது பலரைப் புண்படுத்தியது. நீதிமன்றத்தை வாக்குச் சாவடியாக்கிவிட்டார் என்றார்கள். ஆனால் எண்ணியதை எண்ணாததாக்க முடியவில்லை.

இங்கே ஒரு நுணுக்கத்தைச் சொல்லியாக வேண்டும், இந்தத் துறையின் உண்மையான பயிற்சி அதில்தான் இருக்கிறது. ஒரு நீதிபதி தாராளவாதத் தரப்புக்கே தொடர்ந்து வாக்களிக்கிறார், ஆகவே அவர் தாராளவாதி. அவர் தாராளவாதி, ஆகவே அப்படி வாக்களிக்கிறார் என்று சொன்னால் நாம் எதையும் விளக்கவில்லை, வட்டமடித்திருக்கிறோம். வாக்கை விளக்க வேண்டுமென்றால் வாக்கிலிருந்து எடுக்காத ஓர் அளவுகோல் வேண்டும். 1989-இல் ஜெஃப்ரி சீகலும் ஆல்பர்ட் கவரும் இதற்கு ஒரு வழி கண்டார்கள். ஒருவர் நீதிபதியாகப் பரிந்துரைக்கப்பட்டு, இன்னும் பதவி ஏற்காத காலத்தில் முக்கியமான நாளிதழ்களின் தலையங்கங்கள் அவரை எப்படி மதிப்பிட்டன என்று வரிவரியாகப் படித்து மதிப்பெண் போட்டார்கள். பிறகு அந்த மதிப்பெண்ணை அவர் நீதிபதியான பின் அளித்த வாக்குகளோடு ஒப்பிட்டார்கள். குடிமைச் சுதந்திரம், சிவில் உரிமை சார்ந்த வழக்குகளில் இரண்டும் வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துப்போயின. எளிய யோசனைதான். ஆனால் அந்த எளிமையைக் கண்டுபிடிக்கும் மனப்பழக்கம் வருவதற்குத்தான் ஐந்தாறு ஆண்டுகள் முனைவர் பட்டத்தில் செலவிடுகிறோம்.

இதில் உறுதியானது எது, வாதத்துக்குரியது எது என்று பிரித்துச் சொல்கிறேன். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகளின் கொள்கைச் சாய்வுக்கும் அவர்கள் வாக்குக்கும் வலுவான தொடர்பு உண்டு; இதை இன்று யாரும் மறுப்பதில்லை. அந்தத் தொடர்பு எதனால் வருகிறது என்பதில் சண்டை ஓயவில்லை. நீதிபதி தன் விருப்பப்படியே முடிவெடுக்கிறார் என்பது சீகலும் ஹெரால்டு ஸ்பேத்தும் முன்வைத்த நிலை. சக நீதிபதிகள், நாடாளுமன்றம், குடியரசுத் தலைவர் ஆகியோர் என்ன செய்வார்கள் என்று கணித்து, கிடைக்கக்கூடியதைப் பெறுகிறார் என்பது லீ எப்ஸ்டைனும் ஜாக் நைட்டும் 1998-இல் விரித்துச் சொன்னது. சட்டத்தைப் பற்றிய ஆழமான நம்பிக்கைகளே கொள்கைச் சாய்வாக வெளியே தெரிகின்றன என்போரும் உண்டு. என் சாய்வு இரண்டாவது நிலையின் பக்கம். ஆனால் தீர்ப்பில் எழுதப்பட்ட காரணங்களை வெறும் திரை என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. காரணம் எழுத வேண்டியிருக்கிறது என்பதே நீதிபதியைக் கட்டுப்படுத்துகிறது. எழுதத் தொடங்கியபின் வாதம் நிற்கவில்லை என்று பக்கம் மாறிய நீதிபதிகள் உண்டு என்பதை அவர்களுடைய குறிப்பேடுகளே காட்டுகின்றன.

கணக்கு எவ்வளவு தூரம் போகும், எங்கே நின்றுவிடும் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று ஒன்று உண்டு. 2002 அக்டோபரில் தொடங்கிய அமர்வில் அரசியல் அறிவியலாளர்களும் சட்டப் பேராசிரியர்களும் கொண்ட ஒரு குழு, தீர்ப்பு வருவதற்கு முன்பே ஒவ்வொரு வழக்கின் முடிவையும் கணித்தது. ஒரு பக்கம் ஒரு புள்ளியியல் மாதிரி. வழக்கு எந்த மேல்முறையீட்டு நீதிமன்றத்திலிருந்து வந்தது, எந்தத் துறை சார்ந்தது, மனுதாரர் யார், எதிர்மனுதாரர் யார் என்பது போன்ற ஆறு தகவல்களே அதற்குத் தெரியும். சட்டம் ஒரு வரிகூடத் தெரியாது. மறுபக்கம் அந்தந்தத் துறையில் தேர்ந்த சட்ட வல்லுநர்கள். மாதிரி 75 விழுக்காடு வழக்குகளைச் சரியாகச் சொன்னது. வல்லுநர்கள் 59 விழுக்காடு. இதை மட்டும் சொல்லி நிறுத்துபவர்கள் நிறைய. ஆனால் தனித்தனி நீதிபதியின் வாக்கைக் கணிப்பதில் இரு தரப்பும் ஏறக்குறைய சமம். வல்லுநர்கள் ஒரு விழுக்காடு முன்னாலேயே இருந்தார்கள். முழு முடிவைத் தீர்மானிக்கும் நடுநிலை நீதிபதிகளைக் கணிப்பதில்தான் மாதிரி வென்றது. உங்கள் மூத்த வழக்குரைஞரிடம் இரண்டு பாதியையும் சேர்த்தே சொல்லுங்கள்.

நீதிபதியின் மனத்தை ஆராய்வது இந்தத் துறையின் ஒரு பாதிதான். எனக்கு நெருக்கமானது மறுபாதி: தீர்ப்பு வெளியே போன பிறகு என்ன ஆகிறது என்பது. 1954-இல் பிரவுன் வழக்கில், பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. பாடநூல்கள் அங்கேயே கதையை முடித்துவிடும். ஜெரால்டு ரோசன்பெர்க் 1991-இல் கணக்கை எடுத்து வைத்தார். தீர்ப்பு வந்து ஏறத்தாழ பத்து ஆண்டுகளுக்குப் பின்னும் தென் மாநிலங்களில் வெள்ளைக் குழந்தைகளோடு ஒரே பள்ளியில் படித்த கறுப்பினக் குழந்தைகள் நூற்றுக்கு ஒருவரைச் சற்றே தாண்டிய அளவில்தான் இருந்தார்கள். 1964-இல் சிவில் உரிமைச் சட்டமும் மறு ஆண்டில் பள்ளிகளுக்கான நடுவண் அரசு நிதியும் வந்த பிறகே எண்ணிக்கை மளமளவென்று ஏறியது. பிரிவினையை விடாத பள்ளிக்குப் பணம் இல்லை என்ற நிலை வந்ததும் தீர்ப்புக்குக் கைகால் முளைத்தது. ஆகவே நீதிமன்றத்தால் தனியாகச் சமூக மாற்றத்தைக் கொண்டுவர முடியாது என்றார் ரோசன்பெர்க்.

மூன்று ஆண்டுகள் கழித்து மைக்கேல் மெக்கேன் வேறொரு முனையிலிருந்து பதில் சொன்னார். பெண்களுக்குச் சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் கேட்டு நடந்த போராட்டங்களை அவர் ஆராய்ந்தார். நீதிமன்றங்கள் அந்தக் கோரிக்கைக்குப் பெரிதாக இடம் கொடுக்கவில்லை. ஆனாலும் வழக்கு போட்டதே பெண்களை ஒன்றுதிரட்டியது, தொழிற்சங்கத்துக்குப் பேரம் பேசும் வலுவைக் கொடுத்தது, “இது எங்கள் உரிமை” என்று பேசும் மொழியைக் கொடுத்தது. தீர்ப்பைப் பார்த்தால் தோல்வி. ஊதியப் பட்டியலைப் பார்த்தால் பல இடங்களில் முன்னேற்றம். இருவரும் கவனமான ஆய்வாளர்கள், இருவரிடமும் சான்று இருக்கிறது. நீதிமன்றத்திலிருந்து கீழே பார்த்தவருக்கு ஒன்றும், தெருவிலிருந்து மேலே பார்த்தவருக்கு இன்னொன்றும் தெரிந்தது. இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும் வாரம்தான் என் வகுப்பில் மிகவும் சூடான வாரம். யார் சொல்வது சரி என்று மாணவர்கள் என்னைக் கேட்பார்கள். பள்ளிப் பிரிவினையைப் பொறுத்தவரை ரோசன்பெர்க்கின் எண்களை அசைக்க முடியாது. ஆனால் எண்ணுவதற்கு எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதிலேயே முடிவின் ஒரு பகுதி அடங்கியிருக்கிறது என்று பதில் சொல்வேன்.

உங்களுக்கு இந்தியச் சட்டம் தெரியும் என்பதால் இன்னொருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜார்ஜ் கேட்பாய்ஸ் என்ற அமெரிக்க அரசியல் அறிவியலாளர், கென்டக்கி பல்கலைக்கழகத்தில் இருந்தவர், தன் வாழ்வின் பெரும்பகுதியை இந்திய உச்ச நீதிமன்றத்துக்குக் கொடுத்தார். 1980-களில் இந்தியாவுக்கு வந்து, பணியில் இருந்தவர்களும் ஓய்வு பெற்றவர்களுமாக 60-க்கும் மேற்பட்ட உச்ச நீதிமன்ற நீதிபதிகளை நேரில் சந்தித்துப் பேசினார். எந்தக் குடும்பத்திலிருந்து வந்தார்கள், தந்தை என்ன தொழில் செய்தார், என்ன சாதி, எந்தக் கல்லூரி, யார் பெயரைப் பரிந்துரைத்தது, ஏன் வேறொருவர் விடுபட்டார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். தீர்ப்பை மட்டும் படிப்பவருக்கு இவை எதுவும் கிடைக்காது. அந்த நீதிமன்றம் மிகப் பெரும்பாலும் உயர்சாதி, வசதியுள்ள குடும்பத்து ஆண்களின் மன்றமாக இருந்தது என்பது பெயர் பெயராக நிறுவப்பட்டது. அந்த ஆய்வு 2011-இல்தான் நூலாக வந்தது. நீதிபதிகள் வெளிப்படையாகப் பேசிய அந்தச் சந்திப்புகளின் குறிப்புகளைப் பின்னர் ஓர் இளம் இந்திய ஆய்வாளரிடம் அவர் ஒப்படைத்தார். அதிலிருந்து 2018-இல் இன்னொரு நூல் பிறந்தது. ஒருவர் பொறுமையாகக் கேட்டு எழுதி வைத்தது முப்பது ஆண்டுகள் கழித்து வேறொருவருக்குச் சான்றாயிற்று. இந்தத் தொழிலில் நான் மிகவும் மதிப்பது இதைத்தான்.

இனி உங்கள் நேரடிக் கேள்விகளுக்கு வருகிறேன். அரசியல் அறிவியல் துறையில் பேராசிரியராக முனைவர் பட்டம் கட்டாயம். சட்டப் பட்டம் கட்டாயமில்லை. அமெரிக்காவின் சட்டப் பட்டமான மூன்றாண்டு ஜே.டி. படிப்புக்குப் பெரும்பாலோர் கடன் வாங்கிக் கட்டணம் செலுத்துகிறார்கள். முனைவர் பட்டத்துக்கு, நல்ல துறைகளில், கட்டணத்தைத் தள்ளுபடி செய்து உதவித்தொகையும் தருவார்கள். பதிலுக்கு வகுப்புகளில் உதவ வேண்டும். உதவித்தொகை இல்லாத முனைவர் இடத்தை ஏற்காதீர்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. உங்களிடம் ஏற்கெனவே ஒரு சட்டப் பட்டம் இருக்கிறது. தீர்ப்பை வாசிக்கும் பழக்கம் வந்துவிட்டது. உங்களுக்கு இன்று குறைவாக இருப்பது புள்ளியியலும் ஆய்வு வடிவமைப்பும். சட்டக் கல்லூரிகளில் கற்பிக்க வேண்டும் என்ற எண்ணமும் இருந்தால் மட்டும் ஜே.டி.-யையும் முனைவர் பட்டத்தையும் இணைத்து முடிப்பதைப் பற்றி யோசிக்கலாம். அங்கே இரண்டும் வைத்திருப்பவர்களை இப்போது அதிகம் விரும்புகிறார்கள்.

முனைவர் பட்டத்துக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். முதல் இரண்டு ஆண்டுகள் வகுப்புகள், பிறகு துறையின் முழுப் பரப்பையும் தொட்டு ஒரு பெரிய தேர்வு, அதன்பின் ஆய்வேடு. சட்டம் படித்து வருபவர்கள் தடுமாறும் இடம் ஆய்வேட்டின் திட்டவரைவு. நீங்கள் ஒரு நிலைப்பாட்டுக்காக வாதிடப் பழகியவர்கள். இங்கே உங்கள் கருத்து தவறென்றால் எந்தச் சான்று அதைக் காட்டும் என்பதை நீங்களே முன்கூட்டி எழுதிக் கொடுக்க வேண்டும். கட்சிக்காரருக்காக வாதாடிய மனத்துக்கு இது முதலில் துரோகம் போலத் தோன்றும். பழகிவிட்டால் அதைவிடச் சுதந்திரம் எதுவும் இல்லை.

வெளியீட்டிலும் வேறுபாடு உண்டு. அமெரிக்கச் சட்ட இதழ்களில் பெரும்பாலானவற்றை மாணவர்களே நடத்துகிறார்கள். ஒரே கட்டுரையைப் பல இதழ்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்பலாம். அரசியல் அறிவியல் இதழ்களில் ஒரு நேரத்தில் ஓர் இதழுக்குத்தான் அனுப்பலாம். யார் எழுதியது என்று தெரியாத சக ஆய்வாளர்கள் மாதக்கணக்கில் வைத்திருந்து, நிராகரித்தோ திருத்தச் சொல்லியோ அனுப்புவார்கள். ஒரு கட்டுரைக்கு இரண்டு ஆண்டுகள் ஆவது இயல்பு. உதவிப் பேராசிரியராகச் சேர்ந்தால் வழக்கமாக ஆறாம் ஆண்டில் பணி நிரந்தர முடிவு வரும். உங்களோடு வேலை செய்யாத வெளிப் பல்கலைக்கழக அறிஞர்களிடம் உங்கள் எழுத்தைப் பற்றிக் கடிதம் கேட்பார்கள். கிடைக்கவில்லை என்றால் இன்னும் ஓராண்டு இருந்துவிட்டு வெளியேற வேண்டும். ஆகவே நல்ல நோக்கத்தோடு இளையவர்களைப் பல குழுக்களில் உட்காரவைக்கும் துறைகளிடமிருந்து உங்கள் நேரத்தைக் காத்துக்கொள்ளுங்கள்.

கற்பித்தலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் நாட்களில் பெரும்பகுதி அதில்தான் கழியும். அரசமைப்புச் சட்டத்தை இரண்டு பருவங்களாகக் கற்பிப்பது வழக்கம்: ஒன்றில் அரசின் அதிகாரங்கள், மற்றொன்றில் உரிமைகள். மாணவர்களில் பெரும்பாலோர் பின்னால் சட்டக் கல்லூரிக்குப் போக விரும்புபவர்கள். தீர்ப்பைச் சுருக்கி எழுதும் வித்தையை எதிர்பார்த்து வருவார்கள். அதைக் கற்றுக்கொடுங்கள். அதோடு, மேல்முறையீட்டு நீதிமன்றத்தைப் பார்த்தே இராத ஆயிரம் பேரின் வழக்குகள் கீழ் நீதிமன்றங்களில் எப்படி முடிகின்றன என்பதையும் காட்டுங்கள். மார்க் கேலன்டர் 1974-இல் எழுதியதுபோல, அடிக்கடி நீதிமன்றம் வரும் வங்கியும் காப்பீட்டு நிறுவனமும், வாழ்வில் ஒரே முறை வரும் தனி மனிதரும் ஒரே விதிகளின் கீழ் நின்றாலும் சமமாக நிற்பதில்லை. முதல் தரப்பு இன்றைய வழக்கைத் தோற்று, நாளைய விதியை வெல்லத் தெரிந்தது.

வேலைச் சந்தையைப் பற்றி நம்பிக்கை ஊட்டும்படி எதுவும் சொல்ல மாட்டேன். சட்டமும் நீதிமன்றமும் என்று பெயர் போட்டு வரும் விளம்பரங்கள் ஆண்டுக்கு மிகக் குறைவு. தகுதியானவர்கள் அவற்றைவிடப் பன்மடங்கு. என்னிடம் படித்த மிகச் சிறந்த மாணவர்கள் சிலருக்கும் நிரந்தர இடம் அமையவில்லை. அதற்கு அவர்களுடைய ஆய்வு காரணம் அல்ல. பல நாடுகளின் நீதிமன்றங்களை ஒப்பிட்டு எழுதுபவருக்கு ஒப்பீட்டு அரசியல் இடங்களுக்கும் விண்ணப்பிக்கும் வசதி உண்டு. இந்திய நீதிமன்றங்களை உள்ளிருந்து அறிந்த உங்களுக்கு அது இயல்பான வழி. அது உங்கள் வாய்ப்பைக் கூட்டும் என்று கருதுகிறேன். எவ்வளவு என்று உறுதி கூற மாட்டேன்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் நன்கு அறிந்த ஒரு சட்டப் பிரிவை எடுத்துக்கொண்டு, ஒரே உயர் நீதிமன்றத்தில் அதன் கீழ் வந்த தீர்ப்புகளில் ஒரு நூறைத் திரட்டுங்கள். மனுதாரர் யார், வழக்குரைஞர் வைத்திருந்தாரா, எத்தனை ஆண்டுகள் ஆயின, அமர்வில் யார், முடிவு என்ன என்று கட்டம் கட்டமாகப் பதியுங்கள். எதைப் பதிவது, ஐயத்துக்குரியதை எந்தக் கட்டத்தில் போடுவது என்பதற்கு விதிகளை நீங்களே எழுதுங்கள். பிறகு அதே தீர்ப்புகளை நண்பர் ஒருவரிடம் கொடுத்து, உங்கள் விதிப்படி அவரையும் பதியச் சொல்லி, இருவர் பதிவும் எங்கெங்கே வேறுபடுகின்றன என்று பாருங்கள். அந்த வேறுபாடுகளைப் பார்த்து ஆர்வம் கூடினால் விண்ணப்பக் கட்டுரையில் அதையே எழுதுங்கள். தேர்வுக் குழுவில் உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவர்கள் முதலில் படிக்க விரும்புவது அந்தப் பத்தியைத்தான். எரிச்சல் மட்டுமே மிஞ்சினால், உங்கள் மூத்த வழக்குரைஞரின் அலுவலகத்திலேயே இன்னும் ஓராண்டு இருந்து பாருங்கள்.